முதுகு அளவு

மாடியும் மொட்டை, கோழியும் மொட்டை என்று
சிரித்துவிட்டுப் போனான் தண்ணீர் கேன் போடும் பையன்.
தண்டையார்ப்பேட்டை, மூன்றாவது மாடிக்கும் மேலே
சின்டெக்ஸ் டேங்க் நிழலில்
நாலு பெட்டை, ஒரு சேவல்.
கீழே என் தையல் மெஷின்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து
பெருக்கினால் முறத்தில் இறகுதான்.
முதலில் பூனை என்றேன்.
பிறகு எதிர்வீட்டு ரெஜினாளின் கண் என்றேன்.
ரெஜினாளோ
நான் போடும் ரேஷன் அரிசி என்றாள்.
அதில் பாதி உண்மை என்று பின்னால்தான் தெரிந்தது.

துணி வெட்டுகிறவள் நான்.
எங்கே நைந்தது என்று பார்த்தால்
எதனால் என்று சொல்லிவிடுவேன்.
அக்குளில் வியர்வை,
இடுப்பில் சாவிக்கொத்து,
தோள் வெளுத்திருந்தால் கைப்பை வார்.
கோழியையும் அப்படித்தான் பார்த்தேன்,
ராத்திரி எட்டரைக்கு
தூக்கத்தில் பிடித்து, போன் டார்ச் அடித்து.

சாம்பிக்கு வாலடியில் வெறுமை.
மிச்ச இறகின் வேரில் உப்பு ஒட்டியதுபோல் ஈர்,
முழங்கைவரை ஊர்ந்தது செள்ளு.
புரண்டு குளிக்கச் சாம்பல் வேண்டும்.
கேஸ் அடுப்புக்காரி நான் எங்கே போவேன்?
இஸ்திரி வண்டி ஏகாம்பரம்
ஒரு டப்பா கொடுத்தார், எதற்கு என்று கேட்காமல்.

குண்டு, நெஞ்சைத் தானே பிடுங்கியிருந்தது.
முட்டைக்குத் தோலின் சூடு நேராகப் படவேண்டுமாம்.
முட்டையை நாங்கள் காலையிலேயே
ஆம்லெட் போட்டுவிட்டோம்.
அது உட்கார்ந்திருந்தது
உருண்டு வந்த ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல்.

கழுத்திலிருந்து வால்வரை கொட்டிய பெரியவளைப்
பையில் போட்டு வேப்பேரிக்குப் போனேன்.
டாக்டர் கையால்கூடத் தொடவில்லை.
"பழசை எறியுதும்மா, வருஷா வருஷம் செய்யும்.
முட்டை கேட்காதீங்க, கருவாடு போடுங்க."
காசிமேட்டில் நெத்திலித் தூள் கால் கிலோ.
ரெஜினாளிடம் சொல்லவில்லை.

மூக்குத்திக்கு முதுகு.
இரண்டு பக்கமும் ஒரே அளவு,
நகம் ஊன்றி நின்ற இடம்.
சேவலுக்கு அவள்மேல்தான் பிடித்தம்.
பிடித்தம் என்று நாம் சொல்கிறோம்.
ஜாக்கெட் லைனிங்கில் மிஞ்சிய மெரூன் துணியை
இரட்டையாய் மடித்து,
இறக்கைக்கு அடியில் எலாஸ்டிக் விட்டு
ஒரு முதுகுறை தைத்துப் போட்டேன்.
தெருப் பிள்ளைகள் மாடியேறி வந்து பார்த்தார்கள்.

அந்த வாரம்தான் சுகிர்தா வந்தாள்.
போன ஆடிக்கு ஜன்னல் வைத்து, குஞ்சலம் தொங்கவிட்டுக்
கட்டிக்கொண்டு போனவள்.
"இந்தத் தடவை முதுகை ஏத்தித் தைங்கக்கா.
கையும் முழங்கை தாண்டட்டும்."
டேப்பை வைத்தேன், தோள் ஒதுங்கியது.
புது ஃபேஷனா என்றேன்.
ஆமாம் என்றாள்.
நோட்டில் எழுதினேன்:
முதுகுக் கழுத்து இறக்கம், இரண்டரை.
எதனால் என்று பார்க்கத் தெரிந்தவள்
டார்ச் அடிக்கவில்லை.

சேவலை மீஞ்சூரில் ஒருவருக்குக் கொடுத்தாயிற்று.
கோழிக்கு அவ்வளவுதான்,
ஒரு அட்டைப்பெட்டி, அதில் நாலு ஓட்டை.

ஜாக்கெட் தைத்து முடித்து மூன்று வாரம்,
வாங்க வரவில்லை.
பில்லுக்குப் பின்னால்
மாடிக் கதவுக்குத் தாழ் போடுவதில்லை என்று
எழுதினேன், அடித்தேன்,
திரும்ப எழுதினேன்.

நேற்று மழை விட்டபோது உறையைக் கழற்றினேன்.
மூக்குத்தியின் முதுகில்
நீலமாய், வரிசை வரிசையாய், ஊசிமுனைகள்.
உள்ளே ரத்தம் ஓடுகிறதாம்,
தூக்கினால் துடிக்குமாம்.
நெத்திலித் தூளைத் தட்டில் கொட்டிவிட்டு
இரண்டடி தள்ளி நிற்கிறேன்,
கழுத்தில் அளவு டேப்போடு.